கொலு பொம்மைகளுக்கு ஏர்பிரஷ்: குறைந்த செலவில் எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

திருவனந்தபுரம்: நவராத்திரி நெருங்கும் வாரங்களில், வலியசாலை அக்ரஹாரத்து வீடுகளில் பரண்களிலிருந்து பொம்மைப் பெட்டிகள் இறக்கப்படுகின்றன. சுற்றிவைத்த பழைய துணிகளைப் பிரிக்கும்போது, நிறம் மங்கிய தசாவதார வரிசையும், மூக்கு நுனி உதிர்ந்த செட்டியார் பொம்மையும், சென்ற ஆண்டு குழந்தைகள் கொலுப் பூங்காவுக்காக வாங்கிய வண்ணம் தீட்டப்படாத சிறு வீடுகளும் ஒருசேர வெளிவருகின்றன. அவற்றுக்கு வீட்டிலேயே புது வண்ணம் பூச விரும்புவோரின் கவனம் இப்போது ஏர்பிரஷ் கருவியின் பக்கம் திரும்பியுள்ளது.

தூரிகைக் கோடு தெரியாமல் வண்ணத்தைச் சீராகப் பரப்பும் இக்கருவி, ஒரு காலத்தில் விளம்பர ஓவியர்களிடமும் வாகனங்களுக்கு வண்ணம் பூசுவோரிடமும் மட்டுமே இருந்தது. தற்போது இணைய விற்பனைத் தளங்களில் 'தொடக்க நிலைத் தொகுப்பு' என்ற பெயரில் பல விலைகளில் கிடைக்கிறது. குறைந்த விலைத் தொகுப்பை வாங்கியவர்களில் பலர், சில நாள்களிலேயே அது அடைத்துக்கொள்கிறது, வண்ணத்தைச் சொட்டுச் சொட்டாகத் தெறிக்கிறது என்று கூறி அதை மூலையில் வைத்துவிடுவதும் உண்டு. பழுது பெரும்பாலும் வண்ணம் தெளிக்கும் கருவியில் இருப்பதில்லை. அதற்குக் காற்றை அனுப்பும் கம்ப்ரஸரிலும், கலக்கப்பட்ட வண்ணத்தின் பதத்திலும்தான் இருக்கிறது. எனவே, கையில் உள்ள தொகை குறைவாக இருந்தால் அதன் பெரும்பகுதியைக் காற்றுக்குச் செலவிட வேண்டும் என்பதே இத்துறையின் முதல் பாடம்.

ஏர்பிரஷ் எவ்வாறு இயங்குகிறது?

ஏர்பிரஷ் என்பது பேனா அளவிலான தெளிப்பான். அதன் நடுவில் நீண்ட, கூர்மையான ஊசி ஒன்று உள்ளது. ஊசியின் முனை, 'நாசில்' எனப்படும் நுண்துளைக்குள் பொருந்தியிருக்கும். ஊசியைப் பின்னுக்கு இழுத்தால் துளை திறந்து வண்ணம் வெளிவரும். துளையைச் சுற்றி விரைந்து வரும் காற்று அந்த வண்ணத்தை நுண்துளிகளாகச் சிதறடித்து, பொம்மையின் மீது மென்படலமாகப் படியச் செய்யும்.

அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் பர்டிக் 1890-களில் உருவாக்கிய வடிவமைப்பே இன்றைய ஏர்பிரஷ்களுக்கு அடிப்படை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அதன் தத்துவம் மாறவில்லை. இதனால்தான் புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயர் இல்லாத மலிவுக் கருவிகளும் தொடக்க நிலைப் பணிக்குப் போதுமானவையாக இருக்கின்றன. ஊசியும் நாசிலும் எவ்வளவு துல்லியமாகக் கடையப்பட்டுள்ளன, உதிரி பாகங்கள் கிடைக்குமா என்பவற்றில்தான் விலைக்கேற்ற வேறுபாடு தெரியும்.

முதலில், கருவி தேவைதானா?

ஆண்டுக்கு ஐந்தாறு பொம்மைகளுக்கு மட்டும் வண்ணம் பூசுவோருக்கு ஏர்பிரஷ் அவசியமில்லை. அடிப்பூச்சுக்கு ஒரு ஸ்பிரே கேன், நிறங்களுக்கு இரண்டு நல்ல தூரிகைகள், ஒரு நிறத்திலிருந்து மற்றொரு நிறத்துக்கு மெல்ல மாறும் இடங்களுக்குச் சிறு ஸ்பாஞ்சுத் துண்டு ஆகியவையே போதும். கண், புருவம், நகை, சரிகைக் கரை போன்ற நுண்பணிகளை ஏர்பிரஷ் வைத்திருப்பவர்களும் தூரிகையால்தான் செய்கின்றனர்.

ஒரே நிறத்தைப் பல பொம்மைகளுக்குச் சீராகப் பூசுவோருக்கும், முகத்திலும் ஆடையிலும் நிழல் மாற்றம் கொண்டுவர விரும்புவோருக்கும், பிளாஸ்டிக் விமானம், ராக்கெட், ரயில் மாதிரிகளைச் செய்வோருக்கும் இக்கருவி உண்மையிலேயே பயன்படும். பூச்சின் தடிமன் குறைவாக இருப்பதால், சிறு மாதிரிகளில் செதுக்கப்பட்டுள்ள நுண்கோடுகள் மறைந்துபோகாது.

எந்த வகைக் கருவி?

ஏர்பிரஷ்களில் 'சிங்கிள் ஆக்‌ஷன்', 'டபுள் ஆக்‌ஷன்' என இரு வகைகள் உள்ளன. முதல் வகையில் பொத்தான் காற்றை மட்டுமே திறக்கும்; வண்ணத்தின் அளவைத் தனித் திருகாணியால் முன்கூட்டியே அமைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் வகையில் பொத்தானைக் கீழே அழுத்தினால் காற்றும், அதையே பின்னுக்கு இழுத்தால் வண்ணமும் வரும். பழகச் சில நாள்கள் கூடுதலாக ஆகும் என்றாலும், டபுள் ஆக்‌ஷன் வகையையே முதலில் வாங்குவது நல்லது. ஒன்றை வாங்கிப் பழகிய பின் மற்றொன்றுக்குச் செலவிட வேண்டிய நிலை இதனால் தவிர்க்கப்படும்.

வண்ணக் கிண்ணம் கருவியின் மேற்புறம் அமைந்த வகையில் வண்ணம் தன் எடையாலேயே ஊசியை நோக்கி இறங்குவதால் குறைந்த காற்றழுத்தமே போதும். சில துளி வண்ணத்தைக் கொண்டும் வேலை செய்யலாம். சுத்தம் செய்வதும் எளிது. கீழே புட்டி தொங்கும் வகை, பெரிய பரப்புகளுக்கு அதிக வண்ணம் தெளிக்க ஏற்றது. கொலு பொம்மைகளுக்கும் சிறு மாதிரிகளுக்கும் மேற்கிண்ண வகையே பொருத்தமானது.

நாசில் துளையின் அளவு மில்லிமீட்டரில் குறிக்கப்படும். 0.2 மி.மீ. துளை மிக நுண்ணிய கோடுகளுக்கானது. புதியவர் கையில் அது எளிதில் அடைத்துக்கொள்ளும். 0.5 மி.மீ. துளை அடிப்பூச்சுக்கும் தங்கம், வெள்ளி போன்ற பருமனான துகள் கொண்ட உலோக நிறங்களுக்கும் ஏற்றது. ஒன்றை மட்டும் வாங்க முடியும் என்றால் 0.3 மி.மீ. அளவு இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

கம்ப்ரஸர் தேர்வே முக்கியம்

தொடக்க நிலையினருக்குப் பரவலாக விற்கப்படும் சிறு கம்ப்ரஸர்கள் ஆறில் ஒரு பங்கு குதிரைத்திறன் கொண்டவை. நிமிடத்துக்கு 20 லிட்டருக்குச் சற்று மேல் காற்று தரக்கூடியவை. இவற்றின் மின்நுகர்வு சுமார் 125 வாட். தொடர்ந்து எட்டு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட் மின்சாரமே செலவாகும். எனவே மின்கட்டணம் ஒரு பொருட்டல்ல.

இவற்றில் காற்றுக் கொள்கலன் உள்ளவை, இல்லாதவை என இரு பிரிவுகள் உண்டு. விலை வேறுபாடு இருந்தாலும் கொள்கலன் உள்ளதை வாங்குவதே சிக்கனம். பிஸ்டன் மேலும் கீழும் அசையும்போது காற்று துடிப்புத் துடிப்பாகவே வெளிவரும். கொள்கலன் இல்லாவிட்டால் அந்தத் துடிப்பு அப்படியே ஏர்பிரஷை அடைந்து, பூச்சில் புள்ளிகளாகத் தெரியும்.

கொள்கலன் இருந்தால் மோட்டாரை நிறுத்திவிட்டு நெடுநேரம் வேலை செய்யலாம் என்று எண்ணுவது தவறு. வழக்கமான 3 லிட்டர் கொள்கலனில் அழுத்தம் 4 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்கும்போது வெளிவருவது சுமார் 3 லிட்டர் சாதாரணக் காற்றுதான். நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை எடுத்துக்கொள்ளும் ஏர்பிரஷுக்கு இது 20 விநாடிகளுக்குக்கூடப் போதாது. கொள்கலனின் முதன்மைப் பணி துடிப்பைச் சமன் செய்வதும், மோட்டாருக்கு இடையிடையே ஓய்வு தருவதுமே ஆகும்.

அழுத்தத்தைக் குறைத்துக் கூட்டும் ரெகுலேட்டர், அளவு காட்டும் மானி, அழுத்தம் நிறைந்ததும் தானே நின்று குறைந்ததும் தானே இயங்கும் சுவிட்ச், பாதுகாப்பு வால்வு, ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டி ஆகிய ஐந்தும் உள்ளனவா என்பதை வாங்கும் முன் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

தவிர்க்க வேண்டிய குறுக்கு வழிகள்

மீன் தொட்டிக்குக் காற்று தரும் பம்ப் மலிவானது என்றாலும் ஏர்பிரஷுக்குத் தேவையான அழுத்தத்தை அதனால் தர இயலாது. கார் டயருக்குக் காற்றடிக்கும் 12 வோல்ட் பம்ப் சில நிமிடங்களிலேயே சூடாகிவிடும். சீரான காற்றும் வராது. பழைய குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரஸரை மாற்றியமைப்பது ஓசை குறைந்த வழியாகப் பேசப்பட்டாலும், எண்ணெய்த் துளிகள் காற்றுடன் கலப்பது, மின்கசிவு, அழுத்த வெடிப்பு ஆகிய அபாயங்கள் அதில் உண்டு. அனுபவமற்றோர் அதில் இறங்கக் கூடாது.

பட்டறைகளில் பயன்படும் 24 லிட்டர் கம்ப்ரஸர் வேலைக்கு ஏற்றதுதான். ஆனால் அதன் இரைச்சல் மிக அதிகம். சுவரோடு சுவர் ஒட்டிய அக்ரஹார வீடுகளில் அது அண்டை வீட்டாருக்கும் தொல்லையாகும். சிறு கம்ப்ரஸர்களின் ஓசை ஏறத்தாழ உரையாடல் அளவிலேயே இருக்கும்.

கைப்பிடியிலேயே மின்கலமும் குட்டிக் கம்ப்ரஸரும் பொருத்தப்பட்ட கம்பியில்லாத் தொகுப்புகள்தாம் சந்தையில் மிக மலிவானவை. அவற்றில் பலவற்றில் அழுத்தத்தை நுட்பமாக மாற்ற முடியாது. மின்னேற்றம் விரைவில் தீரும். கையிலும் கனம் கூடும். எப்போதாவது ஓர் அடிப்பூச்சு அடிப்பதற்கு அவை உதவலாம். தொழிலைக் கற்பதற்கு ஏற்றவை அல்ல.

கடலோர ஈரக்காற்றும் கண்ணுக்குத் தெரியாத நீரும்

திருவனந்தபுரத்தில் தென்மேற்குப் பருவமழையின் கடைசிக் கட்டத்துக்கும் துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்துக்கும் இடையில்தான் நவராத்திரி வருகிறது. கொலுவுக்கான வண்ணவேலை மழைக்காலத்திலேயே நடக்க வேண்டியிருப்பதால், இங்கு ஈரப்பதம் தனிக் கவனம் பெறுகிறது.

30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீர் ஆவியாகக் கலந்திருக்கும். அக்காற்றை 4 பார் அழுத்தத்துக்குச் சுருக்கி மீண்டும் அதே வெப்பநிலைக்குக் குளிரவிட்டால், அதனால் ஏறத்தாழ 6 கிராம் ஆவியை மட்டுமே தாங்க முடியும். மீதமுள்ள சுமார் 18 கிராம் நீராகப் பிரிந்துவிடும். நிமிடத்துக்கு 20 லிட்டர் வீதம் ஒரு மணி நேரம் இடைவிடாமல் இயங்கினால், நான்கு தேக்கரண்டி அளவு நீர் சேரும் என்பதே இதன் பொருள். பூச்சின் நடுவே திடீரென விழும் நீர்த்துளிக்கும், அதனால் உண்டாகும் வெண்திட்டுக்கும் இதுவே காரணம்.

எனவே ஈர வடிகட்டி இல்லாத கம்ப்ரஸரை இவ்வூரில் வாங்குவது வீண் செலவு. கம்ப்ரஸரை விட்டு வெளிவரும் காற்று சூடாக இருப்பதால், அதிலுள்ள ஆவி வடிகட்டியைக் கடந்து, ஹோஸ் குழாயில் குளிர்ந்த பிறகும் நீராக மாறலாம். ஏர்பிரஷின் அடியில் பொருத்தும் சிறிய இரண்டாம் வடிகட்டி இதற்குத் தீர்வு. வேலை முடிந்த ஒவ்வொரு முறையும் கொள்கலனின் அடியிலுள்ள வால்வைத் திறந்து நீரை வெளியேற்ற வேண்டும். தவறினால் கொள்கலனின் உட்புறம் துருப்பிடிக்கும்.

பணத்தை எப்படிப் பங்கிடுவது?

விலைகள் விற்பனையாளருக்கு ஏற்ப மாறுவதால், தொகையைவிட விகிதத்தை நினைவில் கொள்வது உதவும். செலவிடத் தீர்மானித்த ஒவ்வொரு 10 ரூபாயிலும் 6 ரூபாயைக் கம்ப்ரஸருக்கும், 2 ரூபாயை ஏர்பிரஷுக்கும், 1 ரூபாயை வண்ணம், தின்னர், சுத்தம் செய்யும் பொருள்களுக்கும், 1 ரூபாயை முகக்கவசம் உள்ளிட்ட பாதுகாப்புக்கும் ஒதுக்கலாம். பின்னாளில் ஏர்பிரஷை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும். நல்ல கம்ப்ரஸர் ஆண்டுக்கணக்கில் அப்படியே பயன்படும்.

வெளிநாட்டுச் சந்தைக்கான சில கம்ப்ரஸர்கள் 110 வோல்ட் மின்சாரத்தில் இயங்குபவை. இந்தியாவில் அவை பயன்படா. 220 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்ற குறிப்பு இருப்பதைச் சரிபார்க்க வேண்டும். ஏர்பிரஷ் இணைப்பின் மரையும் கவனிக்கத்தக்கது. பெரும்பாலான கருவிகள் எட்டில் ஒரு பங்கு அங்குல மரையைக் கொண்டவை. பாஷே, பேட்ஜர் போன்ற சில நிறுவனங்களின் கருவிகளுக்கு மட்டும் தனி இணைப்பான் தேவைப்படும். உதிரி ஊசி, நாசில், ரப்பர் வளையங்கள் ஆகியவை தனியே கிடைக்காத கருவி எவ்வளவு மலிவாக இருந்தாலும், ஊசி வளைந்த நாளிலேயே பயனற்றதாகிவிடும்.

வண்ணத்தின் பதமும் காற்றின் அழுத்தமும்

புதியவர்கள் நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தில் தொடங்குவது பாதுகாப்பானது. புட்டியில் உள்ளபடியே ஊற்றினால் துளை அடைத்துக்கொள்ளும். வண்ணமும் தின்னரும் சம அளவில் எனத் தொடங்கி, கிண்ணத்தின் சுவரில் பூசிப் பார்த்தால் பால் போல வழிந்து மெல்லிய படலம் தங்கும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். நீரை மட்டும் மிகையாகச் சேர்த்தால் வண்ணத்தைப் பிடித்து வைக்கும் பசைத்தன்மை நீர்த்துப்போகும். அதே நிறுவனத்தின் தின்னரைப் பயன்படுத்துவதே நல்லது. கைவினைக் கடைகளில் கிடைக்கும் மலிவு அக்ரிலிக் வண்ணங்களின் துகள்கள் பருமனானவை என்பதால், அவற்றை மெல்லிய நைலான் துணியில் வடிகட்டிய பின்னரே ஊற்ற வேண்டும்.

நுண்பணிக்கு 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தமும், முழுப் பரப்புக்கு 20 முதல் 25 பி.எஸ்.ஐ. அழுத்தமும் தொடக்கத்துக்குப் போதும். ஒரு பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ. ஆகும். பொத்தானை அழுத்திக் காற்று ஓடும்போதே மானியைப் பார்த்து அளவை அமைக்க வேண்டும். காற்று நிற்கும் நிலையில் மானி காட்டும் எண் எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

விளக்கு எரியும் அறையில் கூடாது

'நச்சுத்தன்மை அற்றது' என்று புட்டியில் அச்சிடப்பட்டிருந்தாலும், அது தூரிகையால் பூசும் வழக்கமான பயன்பாட்டைக் கருதியே கூறப்படுகிறது. நுண்துளிகளாக மாறிய எந்த வண்ணமும் நுரையீரலுக்குள் செல்லக் கூடாது. நீர் சார்ந்த வண்ணங்களுக்கு என்-95 வகை முகக்கவசமும் காற்றோட்டமும் தேவை. எனாமல், லாக்கர் போன்றவற்றின் ஆவியை என்-95 தடுக்காது. அவற்றுக்குக் கரிம ஆவிகளைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும்.

லாக்கர், தின்னர் ஆகியவற்றின் ஆவி எளிதில் தீப்பற்றக்கூடியது. குத்துவிளக்கு எரியும் பூஜை அறையிலோ, சமையலறை அடுப்புக்கு அருகிலோ அவற்றைத் தெளிப்பது பெரும் விபத்துக்கு வழிவகுக்கும்.

பாட்டி காலத்துப் பொம்மைகள்

ஏர்பிரஷ் வாங்கியவுடன் பலரது கை முதலில் செல்வது வீட்டிலுள்ள மிகப் பழைய பொம்மைக்குத்தான். அதுவே கடைசியாகத் தொட வேண்டியது. பண்ருட்டி, மதுரை விளாச்சேரி போன்ற பொம்மைத் தொழில் ஊர்களில் செய்யப்படும் மண் பொம்மைகளும் காகிதக்கூழ் பொம்மைகளும் நீரை உறிஞ்சும் தன்மை கொண்டவை. பழைய பூச்சு பசை கலந்த பொடி வண்ணமாக இருந்தால் ஈரம் பட்டவுடன் கரையும். உதிரத் தொடங்கிய பூச்சைக் காற்றின் வேகமே பெயர்த்துவிடும். அடிப்பகுதியில் கண்ணில் படாத ஓரிடத்தை ஈரப் பஞ்சால் மெல்லத் தொட்டு, நிறம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

பழைய பூச்சை உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதிலும் ஆபத்து உள்ளது. வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியை மத்திய அரசு 2016-ஆம் ஆண்டுதான் அறிவித்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்புள்ளதால், உலர்ந்த நிலையில் தேய்த்து எழும் தூசி குழந்தைகளுக்குத் தீங்கானது. தலைமுறை கடந்த பொம்மைகளை மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசி தட்டி, உள்ளபடியே படியில் வைப்பதே சிறந்தது. மரப்பாச்சிக்கும் வண்ணம் தேவையில்லை. ஒருமுறை மேற்பூச்சு ஏறிவிட்டால் கீழுள்ள பழைய கைவண்ணத்தை மீட்க இயலாது.

பயிற்சியும் பராமரிப்பும்

முதல் பயிற்சியைப் பழைய செய்தித்தாளில் புள்ளியும் கோடும் போட்டுத் தொடங்கலாம். அடுத்து, விலை குறைந்த அகல் விளக்குகளில் பழகுவது மண் பொம்மைக்கு நேரடிப் பயிற்சியாக அமையும். பிளாஸ்டிக் மாதிரி செய்வோர் வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டிகளைப் பயன்படுத்தலாம். ஒரே முறை கனமாகப் பூசாமல், மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் உலர்ந்த பின் அடுத்ததைப் பூச வேண்டும். மழை நாளில் உலரும் நேரம் நீளும்.

நிறம் மாற்றும்போதெல்லாம் கிண்ணத்தில் நீரோ சுத்தம் செய்யும் திரவமோ ஊற்றி, தெளிவாக வரும்வரை தெளித்துக் கழுவ வேண்டும். நாளின் முடிவில் ஊசியைக் கழற்றித் துடைத்து, நாசிலை மென்மையான தூரிகையால் சுத்தம் செய்ய வேண்டும். குண்டூசியால் குத்தினால் துளை சிதைந்துவிடும். முழுக் கருவியையும் அசிட்டோனில் ஊறவைத்தால் ரப்பர் வளையங்கள் கெடும்.

நவராத்திரியையொட்டி, பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை விக்கிரகங்கள் களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரத்துக்கு ஆண்டுதோறும் ஊர்வலமாக எடுத்துவரப்படுகின்றன. இவற்றில் குமாரசுவாமி எழுந்தருள்வது வலியசாலைக்கு அருகிலுள்ள ஆரியசாலையில் ஆகும். ஊர்வலம் நகரை அடையும் வேளையில் வீடுகளில் கொலுப்படிகள் தயாராகியிருக்க வேண்டும் என்பதால், புதிதாக ஏர்பிரஷ் வாங்க எண்ணுவோர் ஆடி மாதத்திலேயே வாங்கி, ஆவணி முழுவதும் அகல் விளக்குகளில் பழகி, புரட்டாசி பிறக்கும்போது புதுப் பொம்மைகளில் கை வைப்பதே அவசரமில்லாத கால அட்டவணையாக இருக்கும்.